இருபத்துநான்கு பாத்திமாக்கள்

ஒரு வேலையை ஒருமுறை சொல்லிவிட்டால் அதையே ஆயிரம் முறை முகம் சுளிக்காமல் செய்கிற ஆள் ஒன்று உலகத்தில் உண்டு என்பதை ஸீனத் தன் முப்பத்துமூன்றாவது வயதில்தான் கண்டுபிடித்தாள். அந்த ஆள் நாலு வருடமாக அவளுடைய மேசையிலேயே, எழுத்துத் தேய்ந்த கீபோர்ட்டோடு இருந்திருக்கிறது. நாலு வருடமும் அதைக் கடிதம் அடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் கையால் செய்து விரல் வீங்கியவள் இவள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

அவள் வேலை செய்த இடம் வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், இரண்டாம் மாடியில் இருந்தது. இருதய நோயுள்ள பிள்ளைகளுக்கு உதவுகிற சின்னச் சங்கம். பொறுப்பாளர் றுஷ்னா மிஸ், அலுவலகத்துக்கு ஸீனத், ஸ்கேன் மெஷினுக்கு நிஸாம் என்று மூன்று பேர்தான் சம்பளத்தில். போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் மூன்று நாள் முகாம் வைத்து நூற்று எண்பத்தாறு பிள்ளைகளுக்கு ஹார்ட் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். வெளிநாட்டு வைத்தியர் குழுவொன்று அந்த வீடியோக்களைப் பார்த்து, இருபத்திரண்டு பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, கொழும்புக்கு வந்து இலவசமாக ஒப்பரேஷன் செய்யப்போகிறது. வீடியோக்களை அவர்களுடைய இணையத்தளத்தில் ஏற்றக் கடைசி நேரம் வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து மணி. அதோடு வாசல் மூடிவிடும். அடுத்த தடவை அவர்கள் வர இரண்டு வருடமாகும். இருதயத்தில் ஓட்டையோடு இருக்கிற பிள்ளைக்கு இரண்டு வருடம் மிக நீளம்.

நிஸாம் வீடியோக்களை நம்பர் போட்டுத்தான் கொடுத்திருந்தார். ஸீனத் முகாமின் பதிவுக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு நாளாக, ஒவ்வொரு நம்பரையும் அழித்து அந்தந்தப் பிள்ளையின் பெயரை அடித்தாள். வியாழன் காலை முதல் வீடியோவை ஏற்றப் போனால் இணையத்தளம் சிவப்பு எழுத்தில் மறுத்தது. பெயருக்கு நடுவே இடைவெளி இருக்கக் கூடாதாம். நூற்று எண்பத்தாறு பெயரையும் திரும்பவும் திருத்துவதா என்று அவள் நெற்றியில் கைவைத்துக்கொண்டு இருந்தபோதுதான் இணையத்தில் தேடித் தேடி ஒரு பாடத்தைக் கண்டாள்.

யாரோ முகம் தெரியாத ஒருவன், எந்த ஊர்க்காரனோ, லூப் என்றால் என்னவென்று எழுதி வைத்திருந்தான். கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறக்க வேண்டும். இந்த ஃபோல்டரில் இருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் என்று முதல் வரியில் சொல்ல வேண்டும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை நடுவில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என்று கடைசி வரியில் மூட வேண்டும். கம்ப்யூட்டர் முதல் ஃபைலை எடுத்துச் செய்யும், திரும்பி வந்து இரண்டாவதை எடுக்கும், ஃபைல் தீரும்வரை ஓயாது. தஸ்பீஹ் மணி உருட்டுவதுபோல என்று ஸீனத் நினைத்துக்கொண்டாள். மணிக்கு மணி ஒரே சொல், விரல் மட்டும் நகரும்.

அந்த மனிதனின் உதாரணத்தில், பெயரின் முதல் துண்டை வைத்துக்கொண்டு இடைவெளிக்குப் பின்னால் வருவதை வெட்டுகிற லூப் ஒன்று இருந்தது. ஸீனத் அதை அப்படியே எடுத்தாள். கெட்டிக்காரிதானே, மூன்று ஃபைலை மட்டும் வேறு ஃபோல்டரில் போட்டுப் பரீட்சையும் பார்த்தாள். மூன்றும் அழகாகச் சுருங்கின. பிறகு முழுவதுக்கும் ஓட்டினாள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் எழும்பிப் போய் ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள்.

இனி நடந்ததை இந்த ஊர் ஆட்களுக்கு விளக்கவே தேவையில்லை. எங்களுக்குள்ளே பெயரின் முதல் துண்டு பெரும்பாலும் பிள்ளையுடையது அல்ல. யாழ்ப்பாணத்துக் குடும்பமென்றால் முதலில் நிற்பது தகப்பன். முஸ்லிம் வீட்டுப் பெண்பிள்ளையென்றால் பாத்திமா, ஆண்பிள்ளையென்றால் முஹம்மது. வீட்டில் கூப்பிடுகிற பெயர் கடைசியில்தான் வரும். வேறு யாராவது இதை மறந்தால் பொறுக்கலாம். ஸீனத்தின் முழுப்பெயரே பாத்திமா ஸீனத். கிளினிக்கில் பாத்திமா என்று கூப்பிட்டால் நாலு பேர் எழும்புவதைப் பார்த்து வளர்ந்தவள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

பிளேன்டீயோடு வந்து உட்கார்ந்து பார்த்தால், ஃபோல்டரில் நூற்றுப் பத்தொன்பது ஃபைல்தான் இருந்தது. இருபத்துநான்கு பாத்திமாக்கள் இருந்த இடத்தில் ஒரு பாத்திமா. பத்தொன்பது முஹம்மதுக்கு ஒரு முஹம்மது. அண்ணன் தங்கச்சி, அக்கா தம்பி என்று சேர்ந்து வந்த வீடுகளில் வீட்டுக்கொன்று. ஒரே பெயரில் இரண்டாவது வந்ததும், கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை கேட்காமல் முதலாவதை அழித்துவிட்டு அதன் இடத்தில் இதை வைத்திருக்கிறது. குப்பைக் கூடையிலும் ஒன்றுமில்லை. வேறு பிரதியும் இல்லை. நிஸாம் தந்த பென்டிரைவை அவள் போன கிழமையே எல்லாவற்றையும் அழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அறுபத்தேழு பிள்ளைகள் போய்விட்டார்கள். அதைவிட மோசமானது, ஸீனத் நாகேந்திரம் என்று மிஞ்சியிருந்த வீடியோவைத் திறந்தபோது தெரிந்தது. அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் வந்திருந்தார்கள். நாற்பத்தேழாம் நம்பர் அனுஜன், ஒன்பது வயது, நாலு படி ஏறினால் உதடு நீலம் பாரிக்கிற பிள்ளை. நாற்பத்தெட்டு அவனுடைய தங்கச்சி யதுஷா, கூட வந்த பாவத்துக்கு அவளுக்கும் எடுத்தார்கள். திரையின் மூலையில் நாற்பத்தெட்டு என்று இருந்தது. ஒரு குறையுமில்லாத சின்ன இருதயம் நாகேந்திரம் என்ற பெயரில் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. இதை இப்படியே அனுப்பியிருந்தால் வைத்தியர்கள் பார்த்துவிட்டு, நாகேந்திரம் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று தள்ளி வைத்திருப்பார்கள்.

யா அல்லாஹ் என்றாள்.

றுஷ்னா மிஸ்ஸிடம் போய்ச் சொன்னபோது மணி பதினொன்று இருபது. றுஷ்னா மிஸ் கோபக்காரி. ஆனால் உண்மையான ஆபத்து வந்தால் அவளுக்குக் கோபம் வராது, அது அவளிடமிருந்த நல்ல குணம். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, மெஷினுக்குள்ளே பழைய ஸ்கேன் இருக்குமா என்று மட்டும் கேட்டாள். இருக்கலாம். மெஷின் தன் வயிற்றுக்குள் நம்பரோடு ஒரு பிரதி வைத்திருக்கும். அடுத்த முகாமுக்கு இடம் வேண்டுமென்று நிஸாம் அதை அழிப்பது வழக்கம். அடுத்த முகாமோ ஹெந்தளையில் அன்று காலையே தொடங்கியிருந்தது.

ஸீனத் போன் எடுத்தாள். நிஸாமை அவள் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள். பின்னால் பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்டது.

"நிஸாம் நானா, கொட்டாஞ்சேனை ஸ்கேனெல்லாம் மெஷின்ல இன்னும் ஈக்கா?"

"பகலைக்கு அழிக்க நெனச்சுத்தான் ஈந்தேன். இன்னும் நாலு புள்ளைக்குத்தான் எடம் ஈக்கி. ஏன் தங்கச்சி?"

அவள் சொன்னாள். நிஸாம் என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். நான் நம்பர் போட்டுத்தானே தந்தேன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிரதி எடுக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும், அதுவரை ஸ்கேன் எடுக்க முடியாது, இங்கே வரிசையில் இருக்கிற தாய்மாரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். பத்து நிமிடத்தில் திரும்பிக் கூப்பிட்டார். வேறு பிள்ளைகளுடைய காரியமென்று கேட்டதும், ஹெந்தளைத் தாய்மார் பாயை விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு இருக்கிறார்களாம். அந்தப் பெண்களில் ஒருத்தியையும் ஸீனத் இன்றுவரை கண்டதில்லை. ஆனால் அன்றிலிருந்து ஐந்து நேரத் தொழுகையிலும் அவர்களுக்காகக் கையேந்தாமல் அவள் எழும்பியதில்லை.

வீடியோ வந்தால் மட்டும் போதாது. எந்த நம்பர் எந்தப் பிள்ளை என்ற பட்டியலை மறுபடியும் முழுக்க அடிக்க வேண்டும். பதிவுக் கொப்பியைத் தேடிக்கொண்டு முன்னறைக்கு வந்த ஸீனத் அங்கேயே நின்றுவிட்டாள். கதிரையில் கனகேஸ்வரி இருந்தாள், அனுஜனுடைய தாய். கொட்டாஞ்சேனையில் ஒரு மொன்டிசூரியில் படிப்பிக்கிறவள். பிள்ளையின் பழைய கிளினிக் அட்டையைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுப்பதற்காக அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

தாய் தகப்பன்மாரிடம் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று றுஷ்னா மிஸ் அப்போதுதான் சொல்லி அனுப்பியிருந்தாள். அதுவும் நியாயம்தான். ஐந்து மணிக்குள் சரியாகிவிட்டால், வீணாக ஏன் ஒரு தாயின் வயிற்றில் நெருப்பைக் கட்ட வேண்டும். ஸீனத்தும் சிரித்துக்கொண்டு அட்டையை வாங்கத்தான் கை நீட்டினாள்.

"தங்கச்சி, என்ரை பிள்ளையின்ரை வீடியோ போட்டுதோ?" என்று கனகேஸ்வரி கேட்டாள்.

ஓம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு சொல் ஸீனத்தின் வாயில் வரவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்து, லூப் என்றால் என்ன, தான் எதை வெட்டினாள், எது எதன் மேல் ஏறியது, யதுஷாவுடைய இருதயம் யாருடைய பெயரில் நிற்கிறது என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்ற வெட்கத்தில் இன்னும் அழுதாள்.

கனகேஸ்வரி மடியில் வைத்திருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். இப்போது ஏசப்போகிறாள் என்று ஸீனத் தலையைக் குனிந்துகொண்டாள். ஏசினால் நன்றாக இருக்கும் என்றும் பட்டது.

"எத்தினை மணிக்குப் பூட்டுவினம்?"

"அஞ்சு மணிக்கு, அக்கா."

"அப்ப ஏன் இருந்து அழுறீங்கள்? கொப்பியைத் தாங்கோ. நான் வாசிக்கிறன், நீங்கள் அடியுங்கோ."

அப்படித்தான் அந்தப் பகல் கழிந்தது. தினமும் பிள்ளைகளைப் பெயர் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. நம்பர், முழுப்பெயர், ஒரு சின்ன இடைவெளி, அடுத்த நம்பர் என்று தாளம் தப்பாமல் வந்தது. கொப்பியில் மூன்று பேருடைய கையெழுத்து, மூன்று மொழி. சிங்களத்தில் எழுதியிருந்ததைக் கனகேஸ்வரி எழுத்துக் கூட்டி வாசித்தாள். பாத்திமாக்கள் வரிசையாக வந்த பக்கத்தில், தன்னுடைய வகுப்பிலும் ஐந்து பாத்திமா இருக்கிறார்கள், கடைசிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவது என்றாள். ஸீனத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. றுஷ்னா மிஸ் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். தான் சொன்னதை ஸீனத் கேட்கவில்லை என்பது ஒரு பார்வையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டு சோற்றுப் பார்சலை வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டரை மணிக்கு மோட்டார் சைக்கிள் பையன் ஒருவன் பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தான். களனிப் பாலத்தில் வாகனம் நெருக்கி, ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் வந்தவன். ஸ்துதி மல்லி என்று ஸீனத் சிங்களத்தில் மூன்று தடவை நன்றி சொன்னதில் அவன் பயந்தே போனான். ஸீனத் முதல் காரியமாக எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்தாள். ஒருமுறை சூடுபட்ட பூனை அல்லவா.

பிறகு அந்தப் பாடத்தை மறுபடியும் திறந்தாள். காலையில் உதாரணத்தோடு நிறுத்திக்கொண்டவள் இப்போது அடிவரை வாசித்தாள். அடியில் அந்த மனிதன் எழுதியிருந்தான். லூப்பை உண்மையாக ஓட்டுவதற்கு முன்னால், கட்டளைக்கு முன்னே ஒரு சின்னச் சொல்லைப் போடு. அப்போது கம்ப்யூட்டர் எதையும் செய்யாது, செய்யப்போவதை மட்டும் வரி வரியாகச் சொல்லிக் காட்டும். நான் ஒருமுறை என் மகளுடைய குழந்தைப் படங்கள் எல்லாவற்றையும் இழந்த பிறகுதான் இதைக் கற்றுக்கொண்டேன் என்றும் எழுதியிருந்தான். தன் இழப்பை ஊருக்கே சொல்லி, மற்றவர்கள் அதில் விழாமல் காப்பாற்ற நினைத்த அந்த மனிதனுக்கு ஸீனத் மனதுக்குள் சலாம் சொன்னாள்.

இந்த முறை லூப் வேறு விதமானது. பட்டியலில் ஒவ்வொரு வரியாக எடு. அந்த வரியின் நம்பருள்ள வீடியோவைத் தேடு. அதைப் பெயர் மாற்றாதே, பிரதி எடு. புதுப்பெயரில் நம்பர் முன்னுக்கு வரட்டும், பிறகு முழுப்பெயர் ஒரு துண்டும் குறையாமல், இடைவெளிக்குப் பதிலாகக் கோடு. நம்பர் முன்னால் நின்றால் எந்தப் பாத்திமாவும் எந்தப் பாத்திமாவின் மேலும் ஏற முடியாது. அந்தச் சின்னச் சொல்லையும் போட்டு ஓட்டினாள். நூற்று எண்பத்தாறு வரிகள் திரையில் ஓடிவந்து நின்றன.

கனகேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் கொப்பி, மறு கையின் விரல் திரையில், முதல் வரியிலிருந்து ஒப்புப் பார்க்கத் தொடங்கினாள். நாற்பத்தேழாம் வரி வந்தது. நாகேந்திரம், அனுஜன். விரல் அங்கே கொஞ்சம் நின்றது. நாற்பத்தெட்டு, நாகேந்திரம், யதுஷா. மணி மூன்று ஐம்பது. ஏற்றவே முக்கால் மணித்தியாலம் வேண்டும். ஸீனத் தாங்க முடியாமல், அக்கா உங்கட புள்ள சரிதானே, நான் ஓட்டட்டா என்று கேட்டாள்.

"என்ரை பிள்ளை சரி எண்டு எழும்பினால், மற்றத் தாய்மார் இதைப் பாக்க இஞ்சை இருக்கினமே? பொறுங்கோ."

பதறாத காரியம் சிதறாது. நூற்று முப்பத்தோராவது வரியில் அவள் விரல் மறுபடியும் நின்றது. மஜீட் சஹ்லாவும் அடுத்த வரியில் இருந்த பிள்ளையும் இடம் மாறியிருந்தார்கள். ஸீனத் அடிக்கும்போது விட்ட பிழை. திருத்தினார்கள். கடைசி வரியையும் பார்த்து முடித்து, கொப்பியை மூடிவிட்டுத்தான் கனகேஸ்வரி தலையை ஆட்டினாள். ஸீனத் அந்தச் சின்னச் சொல்லை எடுத்தாள், பிஸ்மில்லாஹ் சொன்னாள், ஓட்டினாள். ஃபோல்டரில் நூற்று எண்பத்தாறு. இருபத்துநான்கு பாத்திமாக்களும் தனித்தனியே, அவரவர் பெயரோடு. கடைசி வீடியோ ஏறி முடிந்தபோது ஐந்து மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது.

மூன்று கிழமைக்குப் பிறகு தெரிவுப் பட்டியல் வந்தது. இருபத்திரண்டு பெயரில் எட்டாவது அனுஜன். ஸீனத் பட்டியலை வைத்துக்கொண்டு இன்னொரு கணக்கும் பார்த்தாள். அந்த இருபத்திரண்டு பேரில் ஆறு பேர் அன்று காலையில் அவள் அழித்த அறுபத்தேழில் இருந்தவர்கள். ஆறு பெயரையும் ஒரு தாளில் எழுதினாள், ஒவ்வொன்றையும் முழுதாக. எழுதிவிட்டு வெகுநேரம் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒப்பரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் அவள் வார்ட்டுக்குப் போனாள். அனுஜன் தலையணையில் சாய்ந்து ஜெலி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உதடு நல்ல சிவப்பாக இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற தகப்பன் நாகேந்திரத்திடம் கனகேஸ்வரி, இவதான் பிள்ளையின்ரை வீடியோவை நேரத்துக்கு அனுப்பினவ என்று சொன்னாள். அந்த மனிதர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

ஸீனத்துக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கனகேஸ்வரியின் கையைப் பிடித்து வெளியே கொரிடோருக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அவர் என்னத்துக்குக் கும்புடுறார்? தொலைச்சதே நான்தான்டு நீங்க அவருக்குச் சொல்லல்லயா?"

"அது எனக்குத் தெரியும்தானே" என்றாள் கனகேஸ்வரி. "நான் ஒராள் தெரிஞ்சு வைச்சிருந்தால் போதும். அவருக்கும் பிள்ளைக்கும் நீங்கள் அனுப்பினது மட்டும் தெரியட்டும்."

உள்ளேயிருந்து, அன்ரி எங்கே போனவ என்று அனுஜன் கேட்பது கேட்டது. கனகேஸ்வரி தன்னுடைய கைலேஞ்சியை எடுத்து ஸீனத்தின் கையில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, பிள்ளையிடம் போனாள்.